நிற்பதற்கும் எரிபொருள்

அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, சமையல் தெரியுமா என்பது. அதற்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டாவது கேள்வி, "பாப்பாவுக்கு என்னா வேல?" அதற்குக் கொஞ்சம் தடுமாறி, "ராக்கெட் வேலைங்க" என்றாள். வந்திருந்த பெரியவர் ஒருவர் கூரையைப் பார்த்துச் சிரித்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த பெண் திரும்பி நின்று, "ராக்கெட் இல்லம்மா. சின்ன சேட்டிலைட்டுக்கு உள்ள வைக்கிற எஞ்சின்" என்று திருத்தினாள். எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார்கள். அவள் கையால் ஒரு சோப்புப் பெட்டி அளவைக் காட்டினாள். "இதுக்கா பெங்களூரு வரைக்கும் போவணும்? ஆத்தூர்லயே எத்தினி காலேஜு இருக்குது" என்றார் பெரியவர்.

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் நான். மேடையேறிப் பெண் உடல் பற்றியும் பெண் மொழி பற்றியும் கவிதை வாசிக்கிறவள். அன்றைக்குக் காபி டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது நைனார்பாளையத்தில், நான் பிறந்த வீட்டில். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் அக்கா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்; நான்தான் ஊர் ஊராகப் போனேன். மக்காச்சோளம் அறுத்து முடிந்திருந்த நேரம். தெருவெல்லாம் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. மாமா காவலுக்கு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். நானும் அவளும் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். பகலில் வானம் தெளிந்திருந்தால் எங்கள் மாடியிலிருந்து கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும். இரவில் அந்தப் பக்கம் வெறும் இருட்டு.

நான் கோபமாக இருந்தேன். யார் மேல் என்று தெரியாத கோபம். "உன் எஞ்சினைப் பத்தி எனக்கு முதல்ல இருந்து சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். நாலு வருடம் படித்தபோது கேட்காததை இப்போது கேட்கிறேனே என்ற சிரிப்பு அது.

எனக்குத் தெரிந்த வானவூர்தி புறநானூற்றின் 27ஆம் பாட்டில் இருப்பது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. புகழோடு வாழ்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு, ஓட்டுபவன் இல்லாமல் தானே போகும். இதைச் சொன்னதும், "எங்களதும் ஓட்டறவங்க இல்லாமத்தான் போவுது சித்தி. சின்னதுங்கள்ல பாதிக்கு மேல பெட்ரோலும் இல்லாம போவுது. அதான் பிரச்சினையே" என்றாள்.

சுற்றுவதற்குப் பெட்ரோல் வேண்டியதில்லையாம். 500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் விட்டுவிட்டால் அது விழுந்துகொண்டே இருக்கும், பூமியும் வளைந்துகொண்டே இருக்கும், ஒன்றரை மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு சுற்று. ஆனால் ராக்கெட் எங்கே விட்டதோ அங்கேதான். கொஞ்சம் மேலே போக வேண்டும், எதிரே வரும் குப்பையிலிருந்து விலக வேண்டும், வேலை முடிந்தபின் கீழே இறங்க வேண்டும் என்றால் உள்ளே ஏதாவது ஒன்று எதையாவது பின்பக்கம் தள்ளியாக வேண்டும்.

அதை ஏன் எல்லாவற்றிலும் வைப்பதில்லை என்று கேட்டேன். பதிலில் ஒரு வரலாறு இருந்தது. 1999இல் அமெரிக்காவில் பாப் ட்விக்ஸ், ஜோர்டி புய்க்-சுவாரி என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக ஓர் அளவு வகுத்தார்கள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், ஒரு கனசதுரம். பெயர் கியூப்சாட். இவை தனி ராக்கெட்டில் போவதில்லை. பெரிய செயற்கைக்கோளுக்காகக் கிளம்பும் ராக்கெட்டில் மிச்ச இடத்தில் தொற்றிக்கொண்டு போகும். சீட்டு எடுத்தவருக்குத் தொற்றிக்கொண்டவரால் ஆபத்து வரக் கூடாதல்லவா? எனவே விதிகள்: வெடிப்பொருள் எதுவும் கூடாது; உள்ளே தேக்கிய வேதியாற்றல் 100 வாட்-மணியைத் தாண்டக் கூடாது; அழுத்தக் கலன்களுக்குக் கட்டுப்பாடு. ஹைட்ரசீன் போன்ற பெரிய செயற்கைக்கோள் எரிபொருளெல்லாம் நச்சு. உடல் முழுக்க மூடிய உடுப்புப் போட்டுக்கொண்டுதான் நிரப்ப முடியும். கல்லூரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நம் பக்கத்திலிருந்து போன அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் (2009), ஒன்றரைக் கிலோ எடையுள்ள சத்யபாமாசாட் (2016) எல்லாம் விட்ட தடத்திலேயே சுற்றியவைதான்.

எனக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. தமிழ் படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் உவமேயம் தேடுவோம். பெரியவரின் பயணத்தில் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போவது. வெடித்துவிடுவாய் என்று சொல்லி எரிபொருளை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்புவது. விட்ட இடத்தில் சுற்றுவது. என் கல்யாணம் முழுதாக உள்ளே இருந்தது. கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் என் முனைவர் பட்டப் பதிவும் பெட்டியோடு ஏறியது. மூன்று ஊர், இரண்டு நெறியாளர், ஒன்பது வருடம். ஒரு வீடு மாற்றலில் குறிப்பு அட்டைகள் ஒரு மூட்டை பழைய பேப்பரோடு போய்விட்டது. இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். "நானும் எஞ்சின் இல்லாத சேட்டிலைட்தான் பாப்பா" என்றேன். நாளைக்கே கவிதையாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆசாதிசாட் தெரியுமா சித்தி?" என்றாள்.

2022 ஆகஸ்ட் 7, காலை 9.18. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட் எஸ்எஸ்எல்வி முதன்முறையாகக் கிளம்பியது. அதில் ஆசாதிசாட் என்ற 8 கிலோ செயற்கைக்கோள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 பெண்பிள்ளைகள் செய்த சின்னச் சின்னக் கருவிகள் அதற்குள் இருந்தன. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் செய்ததும் ஒன்று. இவள் விடுதியில் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்துத் தோழிகளோடு பார்த்திருக்கிறாள். ராக்கெட் நன்றாகத்தான் போனது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கத்தை அளக்கும் உணரிகள் சிறிதுநேரம் அளவு மீறிக் காட்டின. உணரிகளே பழுது என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டியது. கடைசியில் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக விட வேண்டியதை, ஒருபுறம் 356, மறுபுறம் 76 என்று நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. செயற்கைக்கோள்கள் பயன்படா என்று இஸ்ரோ அன்றைக்கே அறிவித்தது.

"அன்னிக்கு நானும் உங்கள மாதிரிதான் நெனச்சன். அதுக்குள்ள ஒரு எஞ்சின் இருந்திருந்தா பொழச்சிருக்கும்னு. அழுதன் கூட. அப்புறம் கணக்குப் போட்டன்."

அந்தக் கணக்கை மறுபடி மாடியில் செல்போன் வெளிச்சத்தில் போட்டுக் காட்டினாள். 76ஐ 356 ஆக உயர்த்த நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர் வேகம் கூட்டினால் போதும். 7,600 மீட்டரில் 80 என்பது ஒன்றுமில்லை. தண்ணீரை ஆவியாக்கித் தள்ளும் எஞ்சின் என்றால் சுமார் 650 மில்லி தண்ணீர் ஆகும். ஒரு சொம்பு. ஆனால் அவள் செய்த மாதிரி எஞ்சினின் தள்ளுவிசை ஒரு மில்லிநியூட்டன். உள்ளங்கையில் நாலைந்து அரிசியை வைத்தால் தெரியும் எடைதான் அது. அந்தச் சொம்புத் தண்ணீரை அப்படித் தள்ளித் தீர்க்க ஏழெட்டு நாள் ஆகும். ஆசாதிசாட் பிரிந்த இடத்திலிருந்து அந்த 76 கிலோமீட்டர் பள்ளத்துக்கு வந்து சேர ஆன நேரம் அரை சுற்று. முக்கால் மணிநேரம்.

"எஞ்சின் இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது சித்தி. அதுக்கு டைம் இல்ல."

அவள் என்னை வாதத்தில் தோற்கடிக்க இதைச் சொல்லவில்லை. அவளுடைய துறையில் அது ஒரு சாதாரண உண்மை: சின்னத் தள்ளல் பெரிய வேலை செய்யும், நாள்கணக்கில் விட்டால். என் ஒன்பது வருடத்தைத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இல்லாதது எஞ்சினா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஐந்தரை வரை எழுதிய நாட்கள் நிறைய உண்டு. ஐந்தரைக்குப் பால்காரர் வருவார். பரிதாபமாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அந்த ஒன்றரை மணிநேரத்தை யார் யார் தின்றார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் கஷ்டம். அந்தப் பட்டியலில் என் அம்மாவும் வருவார்.

(ஆசாதிசாட் இரண்டாம் முறை போனது. 2023 பிப்ரவரி 10, அதே 9.18. இந்த முறை எஸ்எஸ்எல்வி 450 கிலோமீட்டரில் ஒழுங்காக விட்டது. முதல்முறை தோற்றதைப் பேசிய அளவுக்கு நம் தொலைக்காட்சிகள் இதைப் பேசவில்லை.)

எஞ்சின் எதற்குத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது என்று கேட்டேன். எங்கோ புதிதாகப் போவதற்கு என்பாள் என்று நினைத்தேன். "பெரும்பாலும் அதே எடத்துல நிக்கிறதுக்கு" என்றாள். தாழ்வான சுற்றுப்பாதைகளில் காற்று என்று சொல்ல முடியாத அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது விடாமல் தடவிக்கொண்டே இருக்கும், நாளுக்கு நாள் செயற்கைக்கோள் இறங்கும். ஐரோப்பாவின் கோசே என்ற செயற்கைக்கோளைச் சொன்னாள். அது சின்னது இல்லை, ஒரு டன். 2009இல் போனது. பூமியின் ஈர்ப்பை நுட்பமாக அளக்க வேண்டும் என்பதற்காக 255 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரத்தில் ஓடியது. உள்ளே 40 கிலோ செனான் வாயு, அதை மின்சாரத்தால் தள்ளும் அயனி எஞ்சின். அதிகபட்சம் 20 மில்லிநியூட்டன். அந்த எஞ்சின் அதை எங்கேயும் கொண்டுபோகவில்லை; காற்று எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு தள்ளிக்கொண்டே இருந்தது. வருடக்கணக்காக. 2013 அக்டோபரில் செனான் தீர்ந்தது. மூன்று வாரத்தில் விழுந்துவிட்டது.

பாதி வாழ்க்கையை ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பறையில் கழித்துவிட்டாள், இரண்டு தொகுப்போடு நின்றுவிட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த இடத்தை வாசிக்க மாட்டார்கள்.

உந்துவிசை என்று நாங்கள் பாடநூலில் எழுதும் சொல்லை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'திரஸ்ட்' என்றே சொன்னாள். அந்த உந்துதல் பழைய சொல். உந்தி பறத்தல் என்று பெண்களின் விளையாட்டு ஒன்று இருந்தது. மாணிக்கவாசகர் அந்த விளையாட்டின் அமைப்பில் பாடியதுதான் திருவுந்தியார். எப்படி ஆடினார்கள் என்று இன்றைக்கு ஆடிக் காட்ட ஆளில்லை. தரையை உந்தி மேலே எழும்பும் ஆட்டம் என்று நான் வகுப்பில் சொல்வேன். பையன்கள் உட்கார்ந்து கேட்பார்கள், பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள். இதை அவளிடம் சொன்னபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

அவளுடைய எஞ்சினை மறுநாள் காலை சமையலறையில்தான் புரிந்துகொண்டேன். அக்கா பருப்பு வைத்திருந்தாள். குக்கர் விசில் அடித்ததும், "இதான் சித்தி, இவ்ளோதான்" என்றாள். ஒரு தொட்டித் தண்ணீர், சூடேறும் கம்பிச்சுருள், ஊசிக்கண் அளவு துளை. ஆனால் அங்கே மேல் கீழ் இல்லாததால் தண்ணீர் அடியில் தங்காது, உருண்டையாக மிதந்துவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்குழல்களால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். மின்சாரமோ சின்னச் சூரியத் தகடு கொடுக்கும் சில வாட்டுதான். ஒரு மில்லிநியூட்டன் வேண்டுமானால் நொடிக்கு ஒரு மில்லிகிராம் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்கே மூன்று நாலு வாட் போய்விடும். தண்ணீர் ஏன் என்றால், அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். நச்சில்லை, அழுத்தமில்லை, வெடிக்காது. தொற்றிக்கொண்டு போகிறவர்களை ராக்கெட்காரர்கள் சண்டையில்லாமல் ஏற்றிக்கொள்வார்கள். 2022இல் நிலவுப் பக்கம் போன ஜப்பானின் ஈக்யுலியஸ் என்ற சின்ன விண்கலம் தண்ணீரால்தான் தன் பாதையைத் திருத்திக்கொண்டது. அதற்கு முன் 2018இல் செவ்வாயைத் தாண்டிப் போன மார்கோ என்ற இரட்டைக் கியூப்சாட்டுகள் தீயணைப்பான் வாயுவைப் பீய்ச்சிக்கொண்டு போயின. நம் ஊரில் பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் ருத்ரா, அர்கா என்று இரண்டு எஞ்சின் கருவிகளை 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58இன் கடைசி அடுக்கில் வைத்து அனுப்பிச் சோதித்திருக்கிறது. இவள் போகப்போவது அங்கே இல்லை, வேறொரு சின்ன நிறுவனம்.

இனி அவள் சொல்லாமல் விட்டிருந்ததைச் சொல்கிறேன். நான் குடைந்து கேட்டபின்தான் சொன்னாள்.

நாலைந்து அரிசியின் எடையளவு விசையை எப்படி அளப்பது? காற்றை உறிஞ்சிய ஓர் இரும்புக் கலத்துக்குள் எஞ்சினை ஒரு மெல்லிய ஊசலில் கட்டிவிடுவார்கள். அது தள்ளும்போது ஊசல் மயிரிழை நகரும். லேசரால் அந்த நகர்வைப் படிப்பார்கள். வெளியே சாலையில் லாரி போனாலே ஊசல் ஆடிவிடும். அவளுடைய கல்லூரி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. எனவே நள்ளிரவு தாண்டினால்தான் நல்ல அளவுகள் கிடைக்கும். பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடிவிடும். பையன்கள் விடுதிக்குக் கதவு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. எஞ்சினின் துளையை வடிவமைத்தவள் இவள். ஆனால் அது முதன்முதலாகத் தள்ளிய இரவில் இவள் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாலு டிவிஷன் நகருது, நகருது" என்று அந்தப் பக்கம் பையன்கள் கத்தினார்கள். ஆய்வுக் கட்டுரை வந்தபோது அளவெடுத்தவர்கள் பெயர் முன்னால் வந்தது. இவள் பெயர் மூன்றாவது. "அவங்க மேல தப்பில்ல சித்தி, அவங்கதான் ராத்திரி முழிச்சிருந்தாங்க" என்றாள்.

இவான் பிரில் என்ற பெண்ணைப் பற்றி அவளுக்கு நான்தான் சொன்னேன். பெண்ணியக் கூட்டங்களில் அடிபடும் கதை என்பதால் எனக்குத் தெரியும். 1924இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். மானிடோபா பல்கலைக்கழகம் அவரைப் பொறியியலில் சேர்க்கவில்லை. வெளியூர் முகாமில் பெண்கள் தங்க இடமில்லை என்பது காரணம். வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு ராக்கெட் எரிபொருள் வேலைக்குப் போனார். ஹைட்ரசீனைச் சிதைத்து வரும் வாயுவை மின்சாரத்தால் இன்னும் சூடாக்கித் தள்ளினால் எரிபொருள் மிச்சமாகும் என்று கண்டு, 1974இல் காப்புரிமை பெற்றார். செயற்கைக்கோள்கள் தம் இடத்தில் நீண்டகாலம் நிற்க அது உதவியது. 2013 மார்ச்சில் 88 வயதில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் குறிப்பை அவர் சமைக்கும் மாட்டிறைச்சிக் குழம்பின் ருசியில் தொடங்கியது. கணவர் பின்னாலேயே ஊர் மாறியது, பிள்ளை வளர்க்க எட்டு வருடம் வேலையை விட்டது, அதற்கப்புறம்தான் விஞ்ஞானி. எதிர்ப்பு கிளம்பியதும் குழம்பை எடுத்துவிட்டார்கள்.

நான் குழம்புக் கதையைச் சொல்லத்தான் தொடங்கினேன். அவள் அதற்குச் சிரிக்கவே இல்லை. "தங்க எடமில்லன்னா சேத்துக்கல?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம், "மின்சாரத்தால சூடாக்கறதா? அது என்னோடதுதான சித்தி! என்னோடதுக்கு அம்மா அது!" என்றாள். நாலு வருடப் படிப்பில் அந்தக் கருவியின் பெயரை நூறு தடவை எழுதியிருக்கிறாள். யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று பாக்கி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது இவள் விண்வெளிப் பொறியியல் எடுக்கப் போவதாகச் சொன்னாள். அக்கா என்னிடம் கேட்டாள், படித்தவள் என்பதால். "வேண்டாங்க்கா, பொம்பளப் புள்ளைக்கு அதுல எங்க வேல கெடைக்கும்? கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லு" என்று சொன்னது நான். கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்துதான் அவள் அந்தப் படிப்பை வாங்கினாள். அந்த ஒரு வாரமும் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பருப்பு இறங்கியபின் அக்காவைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். எந்த அன்றைக்கு என்று கேட்டாள். சொன்னேன். "அதான் அவ கேக்கலியே" என்றாள் அக்கா. பிறகு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "ராத்திரி வேலைன்னு சொல்றாங்களே. அத வந்தவங்க கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். லாரிக் கதையைச் சொன்னேன். ஊசல், லேசர், அரிசி எல்லாம் சொன்னேன். அவளுக்கு லாரி மட்டும் பிடித்துப்போயிற்று. "ஒரு லாரி போனாக்கூட தெரியுமா அதுக்கு?" என்று இரண்டு முறை கேட்டாள்.

வந்தவர்களுக்குப் பதிலை மாமா சொன்னார், ஒரு வருடம் போகட்டும் என்று. அவர்கள் காத்திருக்கவில்லை. அக்காவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதை என்மேல்தான் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவு சின்னசேலத்தில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டோம். ஊறுகாய் பாட்டிலைப் பையில் நிமிர்த்தி வை, சாயவிடாதே என்று அக்கா ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அக்காவுக்கு நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறதாம். ஒரு மணி, ஒன்றரை மணிக்குப் போன் போடுகிறாள். அந்தப் பக்கம் எடுத்ததும் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்பதில்லை.

"லாரியெல்லாம் போயிடுச்சா பாப்பா?"